எனக்கு ஹெர்னியா இல்லை, மகனே

மகனே,

முதல் வேலையாக ஒன்றை எழுத்தில் வைத்துவிடுகிறேன். எனக்கு ஹெர்னியா இல்லை. இருந்ததும் இல்லை. இனிமேல் நிஜமாகவே வந்தாலும் பார்க்க ஒரு ஆள் வராது, ஏனென்றால் சொந்தபந்தம் முழுவதும் ஆப்பிளும் பிஸ்கட்டும் கொண்டுவந்து என் ஹெர்னியாவை ஏற்கனவே விசாரித்து முடித்துவிட்டது. எனக்கு வந்தது புற்றுநோய். வந்த இடம் பெண்ணுறுப்பின் வெளிப்புறம். இந்த வரியை வாசித்ததும் நீ கொழும்பில் உன் ஒஃபிஸ் கதிரையில் இருந்தபடி சுற்றுமுற்றும் பார்த்திருப்பாய். யாரும் பார்க்கவில்லை. இன்னொரு தடவை வாசி. இரண்டாம் தடவை அவ்வளவாகச் சுடாது.

நீ போனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம். நான் எதை அனுப்பினாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல். அப்பாவுக்குச் சளி என்றாலும் கட்டைவிரல். சளிக்கு எதற்கடா கட்டைவிரல்? உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் பொண்ணு வீட்டில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன் என்பது உன் வழக்கு. என் வழக்கு வேறு. "அம்மா மண்டபத்துல சைட் ரூம்லயே இருக்கட்டும், தாலி கட்டுற நேரத்துக்கு மட்டும் வெளிய வந்தா போதும், அவங்களுக்கும் வசதி" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினாயே, அதுதான். அவர் அதை என்னிடம் ஒப்பித்துவிட்டு, எதையோ மறந்தவர்போல் குசினிக்குள் போய் நின்றுகொண்டார். அதற்கான பதில் கடைசியில் வரும். நடுவில் தாண்டிப் போகாதே.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை வரைக்கும் கண்டிப் பெண்களைப் பற்றிக் கழுத்து முதல் இடுப்பு வரை எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. யார் மெலிந்தாள், யார் மெலிந்துவிட்டதாகச் சொல்லி டேப்பை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறாள், யார் வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் மூன்றாவது ஜாக்கெட்டை ஒளித்துத் தைக்கிறாள், எல்லாம் தெரியும். இடுப்புக்குக் கீழே என் அதிகாரம் செல்லாது. வேடிக்கை என்னவென்றால், என் இடுப்புக்குக் கீழேயும் எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. நம் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "கீழே" என்போம். மலைச்சரிவில் வீடு கட்டியிருக்கிற நமக்குக் கீழே என்றால் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாதான்.

அதனால் அரிப்பு தொடங்கியபோது நான் சந்தேகப்பட்டது துணியை. இந்தப் பைத்தியம் ஒரு தையல்காரிக்கு மட்டும்தான் பிடிக்கும். முதலில் நைலோன் மேல் குற்றம் சாட்டி, உள்பாவாடைகளைப் பருத்தியில் தைத்துப் போட்டேன். அரிப்பு நிற்கவில்லை. பருத்தியில் கலப்படம் என்று முடிவுகட்டி, அக்குறணைக்கு பஸ் ஏறிப் போய்க் கடை முதலாளியோடு சண்டை பிடித்தேன். "வல்லாஹி, இது சுத்த கொட்டன், தங்கச்சி!" என்றார் அந்த மனுஷன். நூலை எரித்துக் காட்டச் சொன்னேன். எரித்துக் காட்டினார். கலப்படமாக இருந்தால் உருகித் திரளும். இது பஞ்சுச் சாம்பலாக உதிர்ந்தது. அன்றைக்காவது துணியை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். நானா? சாயத்தின் மேல் அடுத்த வழக்கைத் தொடங்கினேன். சாயத்துக்குப் பிறகு இலாஸ்டிக், இலாஸ்டிக்குக்குப் பிறகு சவர்க்காரம். நடுவில் பாமசிக்குப் போய், "மகனுக்குத் தேமல்" என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். ஆமாம், உன் பெயரில்தான். நீ எனக்கு ஹெர்னியா கொடுத்தாய், நான் உனக்குத் தேமல் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாமசிக்காரர் உன் கல்யாணத்துக்கு வந்தால் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், கண்டுகொள்ளாதே.

இதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது. கர்ப்பப்பைக் கழுத்துக்குச் செய்கிற சோதனையை, நம் பக்கத்து எம்.ஓ.எச். சுகாதார ஒஃபிஸில் பெண்களுக்கு நடக்கும் கிளினிக்கில் முன்பே செய்திருந்தேன். எல்லாம் நல்லது என்று வந்தது. அதோடு கீழே முழுவதற்கும் பாஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சோதனை உள்ளே கழுத்தைப் பார்க்கிற சோதனை. வெளித்தோலில் இருப்பதை யாராவது கண்ணால் பார்த்தால்தான் உண்டு. நான் யாருக்கும் காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை. தையலறையில் ஆளுயரக் கண்ணாடி, முதுகுக் கொக்கியைக் காட்டுவதற்கு ஒரு கைக்கண்ணாடி. ஊரார் முதுகையெல்லாம் அதில் காட்டியிருக்கிறேன். தோல் வெளுத்து, தடித்து, ஒரு பக்கம் சின்னதாகக் கட்டி எழும்பி, கடைசியில் வெள்ளைப் பருத்தியில் ஒரு ரத்தப் பொட்டு விழுந்த பிறகுதான் போனேன். அக்குறணை முதலாளியின் துணி அந்த விதத்தில் தன் நாணயத்தை நிரூபித்துவிட்டது.

கிளினிக்கில் இருந்த டொக்டர் உன் வயதுப் பிள்ளை. பார்த்துவிட்டு, "அம்மே, மெச்சர கல் எய் ஆவெ நெத்தே?" என்றாள். இவ்வளவு காலமும் ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நைலோன் முதல் சவர்க்காரம் வரை முழுக்கதையையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதத் தொடங்கினாள். அவள் சிரிப்பை நிறுத்திய விதத்தில்தான் எனக்கு விளங்கியது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்: சதையில் கொஞ்சம் வெட்டி அனுப்பிப் பார்த்தது, பெயர் வந்தது, ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தது, தொடை இடுக்கில் இருந்த நெறிகளையும் எடுத்துப் பார்த்து அங்கே பரவவில்லை என்று சொன்னது. இன்னும் சில வருடங்களுக்குப் போய்ப் போய்க் காட்ட வேண்டும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. காயம் ஆறுகிற நேரத்தில் நர்ஸிடம் கண்ணாடி கேட்டு வாங்கி நான் பார்த்தேன். கைத்தையல். நூல் சீராகப் போயிருந்தது, ஒரு மூலையில் மட்டும் சுருக்கம். "அந்த மூலையில துணி பத்தாம இழுத்திருக்கீங்க" என்று டொக்டரிடம் சொன்னேன். நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொன்னதும், ஒபரேஷன் செய்த அந்தப் பெரிய மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அவர்கள் போன பிறகு திரையை இழுத்துவிட்டு நான் அழுதேன். அதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார முடியவில்லை. நடுவில் ஓட்டை உள்ள வளையம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்பா டவுனுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது, பிள்ளைகள் நீந்துகிற காற்று வளையம். நீல நிறம், சுற்றிவர மஞ்சள் வாத்துகள். "பாமசியில ஒரு பொம்பளப் புள்ள நின்னிச்சி," என்றார். "அதுக்கு?" "யாருக்கு, எதுக்குன்னு கேட்டா நான் என்னத்த சொல்றது? விளையாட்டுச் சாமான் கடையில ஒண்ணும் கேக்கல. பேரப்புள்ளைக்கான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்." இல்லாத பேரப்பிள்ளையின் வளையத்தில் உட்கார்ந்துதான் உன் கல்யாணப் பட்டுச் சேலைகளுக்கெல்லாம் ஓரம் அடித்தேன். நம் குடும்பத்து ஆண்களுக்கு இது பரம்பரை வியாதி, மகனே. உனக்கு ஹெர்னியா, அவருக்கு வாத்து.

அந்த நாட்களில்தான் பன்விலையில், பொண்ணு வீட்டில், பரிசம். வேன் மலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாய்: "அம்மா, அவங்ககிட்ட ஹெர்னியா ஒபரேஷன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிருங்க." பரிசம் மாற்றும்போது மாப்பிள்ளையின் தாயும் பொண்ணின் தாயும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றுவதுதானே நம் வழக்கம். நான் கதிரை கேட்டாக வேண்டும், கதிரைக்கு ஒரு காரணம் வேண்டும். நல்ல நாளில் எதற்குத் தகராறு என்று நானும் தலையாட்டிவிட்டேன். போனால், பொண்ணின் தாய்மாமா ஹெர்னியாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பக்கம்க்கா?"

"நடுவுல தம்பி."

"நடுவுலயா! அடியாத்தி, அது மோசமாச்சே. வலை வச்சுத் தச்சாங்களா?"

"வலைதான். நல்ல தரமான வலை, லேஸ் மாதிரி."

நீ லட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது சிவந்திருந்தது. அன்றைக்கு உன் மாமியார் செய்ததை நீ கவனித்தாயா தெரியவில்லை. எனக்குக் கதிரை போட்டதும், பாயில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழும்பித் தனக்கும் ஒரு கதிரை போடச் சொன்னார். "சம்பந்தியம்மா மட்டும் தனியா மேல இருந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு பேரும் கதிரையிலயே மாத்திக்கிறோம்" என்றார். யாரோ கிழவர் முணுமுணுத்தார். அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த நிமிடத்திலேயே எனக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது, பொய்யும் அந்த நிமிடத்திலிருந்தே குத்தத் தொடங்கியது.

அவர் ஜாக்கெட் அளவுக்கு நம் வீட்டுக்கு வந்த நாளைத்தான் நீ துரோகம் என்கிறாய். என்ன நடந்தது என்று கேள். திரையை இழுத்துவிட்டு நான் தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறார். "சம்பந்தி, கையோட எனக்கு ரெண்டு உள்பாவாடையும் தச்சுத் தாங்களேன். கொட்டன்ல. நைலோன் எனக்கு ஒத்துக்கல. ஒரு வருஷமா ஒரே அரிப்பு. சவக்காரத்தையும் மாத்திப் பாத்துட்டேன்."

என் கையில் டேப் அப்படியே நின்றுவிட்டது. என்னுடைய முட்டாள்தனம், நான் தைத்த அதே அளவில், இன்னொரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. ஹெர்னியாக்காரியாக இருந்திருந்தால், "அதுக்கென்ன, தச்சுத் தாறேன்" என்று சொல்லி, அருமையான இரண்டு உள்பாவாடை தைத்துக் கொடுத்து, அவரைப் பன்விலைக்கு அனுப்பியிருப்பேன். உன் மரியாதை பத்திரமாக இருந்திருக்கும்.

"சம்பந்தி, எனக்கு ஹெர்னியா இல்ல," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தையும் பெயரோடு சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப தம்பி ஏன் அப்புடிச் சொன்னாரு?"

"வெக்கம்."

"உங்களுக்கா?"

"எனக்கில்ல, அவனுக்கு."

அதற்கு அவர் சொன்னதை எழுதினால் நீ இன்னும் ஒரு மாதம் போனை எடுக்கமாட்டாய்.

இருவரும் கிளினிக்குக்குப் போனோம். அவர் வீட்டில் சேலை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெறுங்கையோடு போனால் பிடிபடுவார் என்று, திரும்பும்போது கண்டி டவுனில் ஓடிப்போய் ஒரு சேலை எடுத்தோம். அவசரத்தில் எடுத்தது, மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை, பார்த்தாலே கண் கூசும். அதையும் நீ கல்யாணத்தில் பார்க்கத்தான் போகிறாய். அவருக்கும் சதையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆகப் புறப்பட்டுவிட்டது, இப்போதே வெட்டி எடுத்தால் அதோடு நிற்கும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தன் வீட்டு ஆட்களிடம் உண்மையைச் சொன்னது நான் இல்லை, அவரேதான். புருஷனிடம் சொன்னார், அந்த ஹெர்னியாத் தம்பியிடமும் சொன்னார். கூடவே என் கதையையும் சொல்லட்டுமா என்று கேட்டார், சொல்லுங்கள் என்றேன். அதன் பிறகுதான் நீ போன் எடுத்து, "கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுக்க முடியலயாம்மா?" என்று கத்தினாய். நான் பொறுத்திருப்பேன், மகனே. அந்தத் தோல் பொறுத்திருக்குமா? உன் முகூர்த்தத்தைப் பார்த்துத்தான் அது முற்ற வேண்டுமா?

ஊர் பேசுகிறது என்கிறாய். பேசட்டும், நான் பேசாத ஊரா? பழைய கஸ்டமர் ஒருத்தி அளவு கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அது எப்புடி வர்ற வருத்தம்னு கேள்விப்பட்டேன் அக்கா..." என்று இழுத்தாள். "எப்புடி?" என்றேன். அவள் கண்ணை உருட்டினாள். "அடியே, எனக்கு வாய்ச்ச ஒரே ஆம்பளை பாமசிக்குப் போய் வளையம் கேக்கவே வெக்கப்படுற மனுஷன். இதுல நான் வேற யாரைத் தேடிப் போக?" என்றேன். எனக்கு வந்தது நெடுநாள் கவனிக்காமல் விட்ட தோல் வருத்தத்திலிருந்து என்றுதான் டொக்டர் சொன்னார். சிலருக்கு ஒரு கிருமியால் வரும். அந்தக் கிருமி குடும்பம் நடத்துகிற பெரும்பாலான ஆண் பெண்ணுக்கு எப்போதாவது வந்து போகிறதாம். கர்ப்பப்பைக் கழுத்தில் வருகிற புற்றுநோய்க்கும் அதுதான் காரணமாம். எனக்கு அதனால் வந்திருந்தாலும் இதே சத்தத்தில்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு ஸ்கூல் போகிற மகள் இருக்கிறாள். அந்தக் கிருமி வராமலிருக்க அங்கே போடுகிற ஊசிக்குக் கையெழுத்துப் போட யோசித்துக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு வந்தால்தான் ஜாக்கெட் என்று சொல்லிவிட்டேன். தீபாவளி நெருங்கியிருந்ததால் மறுநாளே போட்டாள்.

இனி உனக்கு. உன் பொண்டாட்டி ஒருநாள், "எனக்கு இங்கே ஒரு மாதிரி இருக்கு" என்று சொன்னால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதே. அவளோடு போ. வெளியே கதிரையில் உட்கார்ந்திரு. அவளைத் தனியாகத் துணியோடு சண்டை போட விடாதே. மகள் பிறந்தால் அவளுக்கு அவள் உடம்பின் பெயர்களை மூக்கு, காது சொல்லிக்கொடுக்கிற அதே வாயால் சொல்லிக்கொடு. ஊசி போடுகிற வயதில் ஊசியைப் போடு. உனக்கு எழுத்தெழுத்தாகப் படிப்புச் சொல்லித்தந்த நான் இதைச் சொல்லித்தராமல் விட்டேன், அதனால்தான் நீ அந்த வேனில் திரும்பிப் பார்க்காமல் பேசினாய். அதற்காக உன்னை இனிமேல் திட்டமாட்டேன். இந்தக் கடிதத்தோடு திட்டுவது முடிந்தது.

நீ தாலி கட்டப்போகிற தர்ஷினி நேற்று என்னோடு பேசினாள். நீ கட்டைவிரல் அனுப்புவது அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அத்தை, நான் அவர்கிட்ட சண்டை போடல. ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருக்கேன். நாளைக்கு எனக்கு ஏதும் வந்தா எனக்கு என்ன பேர் வைப்பாரு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள். அந்தப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது.

சைட் ரூமுக்கு என் பதில் இது. மண்டபத்து ஆட்களிடம் நானே பேசிவிட்டேன். மணவறைக்கு நேரே முன்வரிசையில் இரண்டு கதிரை. ஒன்று எனக்கு, ஒன்று உன் மாமியாருக்கு. அவருக்கும் இன்னும் உட்காரச் சிரமமாகத்தான் இருக்கிறது, அதனால் அப்பாவை அதே விளையாட்டுச் சாமான் கடைக்கு மறுபடி அனுப்பினேன். பேரப்பிள்ளைகள் இரட்டையா என்று கேட்டார்களாம். உன் மாமியாருடையதில் மீன்கள். என் சேலையின் பட்டிலேயே என் வளையத்துக்கும், அந்த மாம்பழ மஞ்சளிலேயே அவர் வளையத்துக்கும் உறை தைத்துவிட்டேன், பக்கத்தில் மறைவாக, இழுத்தால் திறக்கிற சிப் வைத்து. இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியைக்கூட அடித்துவிடச் சொல்லவில்லை, சிப் நன்றாக வழுக்கிப் போகிறதா என்று மட்டும் இழுத்துப் பார்த்தார்.

கல்யாணத்தன்று யாராவது உன்னிடம் வந்து, "அம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பார்கள். நாங்கள் இருவரும் கேட்கிற தூரத்தில்தான் இருப்போம். நீ உண்மையைச் சொன்னால், பட்டு உறையில் இரண்டு ராணிகள்போல் உட்கார்ந்து அட்சதை போடுவோம். ஹெர்னியா என்று சொன்னாயோ, இரண்டு சிப்பையும் ஒரே நேரத்தில் இழுப்போம். கல்யாண வீடியோவில் வாத்தும் மீனும் காலத்துக்கும் இருக்கும்.

கட்டைவிரல் அனுப்பாதே. முதலில் தர்ஷினிக்குப் பதில் சொல், பிறகு எனக்கு போன் எடு.

உன் அம்மா